இலையும் இளைப்பும்



உணவில் உள்ள தாவரச் சேர்மங்கள் ஒவ்வாமையை என்ன செய்கின்றன என்பது பற்றிப் பேசும்படி இந்த அறக்கட்டளையினர் கேட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். ஒவ்வாமைப் பிரிவில் உட்காரும் எந்த மருத்துவரிடமும் நாள்தோறும் வந்து நிற்கும் கேள்வி இது. மருந்துச் சீட்டைக் கையில் வாங்கி, எழுந்து, கதவுவரை போய், திரும்பி நின்று கேட்பார்கள்: "டாக்டர், என்ன சாப்பிட்டா இந்தத் தும்மல் நிக்கும்?" வெளியே அடுத்தவர் காத்திருப்பார். "எல்லாம் சாப்பிடலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவது எங்களில் பலருக்கு வழக்கம். கேட்டவருக்கு அது பதிலே இல்லை. இங்கே கிடைக்காத பதிலை அவர் கைபேசியில் தேடுகிறார். அங்கே பதிலுக்குப் பஞ்சமில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமையை அடக்கும் சேர்மங்கள் தாவரங்களில் இருக்கின்றன. அதில் எனக்கு ஐயமில்லை. நாம் பயன்படுத்தும் மருந்துகளில் சில அங்கிருந்துதான் வந்தன. ஆனால் சோதனைக் குழாயில் வேலை செய்த ஒரு சேர்மம், நம் தட்டிலும் இருக்கிறது என்பதாலேயே நம் மூக்கிலும் வேலை செய்துவிடாது. நடுவில் குடல் இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது, அளவு இருக்கிறது. அந்த வழியை முழுவதும் நடந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பாதி வழியில் விட்டுவிட்ட நல்ல ஆய்வுகளும் இருக்கின்றன. அப்படி விடப்பட்டவற்றில் ஒன்று நம் வேலியோரத்தில் வளர்வது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூக்கின் சவ்விலும் தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. பால் எர்லிக் மாணவராக இருந்தபோதே, 1878-இல், சாயமேற்றிக் கண்டுபிடித்த உயிரணுக்கள் அவை. அவற்றுக்குள்ளே குருணை குருணையாக ஹிஸ்டமின் அடைபட்டிருக்கும். ஒவ்வாமை உள்ளவரின் உடலில் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் அந்த செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1960-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் யோகான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே கண்டறிந்தது இது. தூசிப் பூச்சியின் புரதமோ மகரந்தமோ வந்து அந்த ஐஜிஇ-யில் படிந்ததும், செல்லுக்குள் கால்சியம் பாயும், குருணைகள் வெளியே கொட்டும். அடுத்த சில நிமிடங்களில் தும்மல், நீர்வடிதல், கண் அரிப்பு, சிலருக்கு மூச்சுத்திணறல். இந்தச் சங்கிலியை எங்கேயாவது ஒரு கண்ணியில் அறுக்க முடியுமா என்பதுதான் ஒவ்வாமை மருந்தியலின் கேள்வி.

அறுக்க முடியும் என்று காட்டிய தாவரச் சேர்மங்களில் பெயர் பெற்றது குவெர்செடின். 1977-இல் லண்டனில் ஃப்யூட்ரெல், கோம்பர்ட்ஸ் என்ற இருவர், எலியின் மாஸ்ட் செல்களில் குவெர்செடினைச் சேர்த்துப் பார்த்தார்கள். கால்சியம் உள்ளே போவது தடைப்பட்டது. குருணை கொட்டுவது குறைந்தது. பிறகு மனித உயிரணுக்களிலும் பலர் இதைக் காட்டினார்கள். 2012-இல் வந்த ஓர் ஆய்வில், தட்டில் வளர்த்த மனித மாஸ்ட் செல்களை அடக்குவதில் புழக்கத்தில் உள்ள ஒரு மருந்தையே குவெர்செடின் மிஞ்சியது. இவ்வளவும் உண்மை. குவெர்செடின் மாத்திரை விற்பவர்கள் இதில் ஒரு வரியையும் இட்டுக்கட்டவில்லை. அவர்கள் விட்டுவிடுவது அடுத்த பகுதியை.

குவெர்செடின் வெங்காயத்தில் அதிகம். சிவந்த வெங்காயத்தில் இன்னும் அதிகம். நூறு கிராம் வெங்காயத்தில் ஏறத்தாழ 20 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். வெங்காயத்தைக் கையில் எடுத்து உரித்துப் பாருங்கள். சருகுபோன்ற தோலிலும் அதை அடுத்த சிவந்த ஏட்டிலும்தான் அது செறிந்திருக்கிறது. உள்ளே போகப் போக நிறமும் வெளுக்கும், குவெர்செடினும் குறையும். அவசரத்தில் இரண்டு ஏடு சேர்த்து உரித்துப் போட்டால் கணிசமான பங்கு குப்பைக்குப் போய்விடும். நீரில் வேகவைத்தால் ஒரு பகுதி அந்த நீரில் இறங்கும். சாம்பாரில் நீரும் நம்மோடு சேர்வதால் நட்டமில்லை.

சரி, வாய்க்குள் போனது எவ்வளவு உடலுக்குள் போகிறது? நெதர்லாந்தில் ஹோல்மன் குழுவினர் 1995-இல் இதை அளந்த முறை அருமையானது. பெருங்குடல் அகற்றப்பட்டு, சிறுகுடலின் கழிவு வயிற்றில் ஒட்டிய பையில் சேரும்படி அமைக்கப்பட்ட ஒன்பது பேர் தாமாக முன்வந்தார்கள். காலை உணவோடு அவர்களுக்கு வெங்காயம் கொடுத்தார்கள். இன்னொரு நாள் தூய குவெர்செடின் கொடுத்தார்கள். பையில் மிஞ்சி வந்ததை அளந்தார்கள். வெங்காயத்தில் சர்க்கரையோடு பிணைந்திருக்கும் குவெர்செடினில் 52 சதவீதம் உடலுக்குள் போயிருந்தது. தூய பொருளில் 24 சதவீதம்தான். ஆக, உறிஞ்சப்படுவதில் மாத்திரைப் பொடியைவிட வெங்காயம் மேல்.

இத்தோடு நின்றிருந்தால் நான் எல்லோருக்கும் வெங்காயத்தையே எழுதிக்கொடுத்திருப்பேன். ஆனால் குடல் சுவரிலும் கல்லீரலிலும் ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. அதைக் கடக்கிற ஒவ்வொரு குவெர்செடின் மூலக்கூறிலும் குளுக்குரோனிக் அமிலமோ சல்பேட்டோ ஒட்டப்பட்டுவிடுகிறது. வெங்காயம் தின்றவரின் ரத்தத்தில் தூய குவெர்செடின் ஏறக்குறைய இருப்பதே இல்லை. இருப்பதெல்லாம் இந்த ஒட்டுப்போட்ட வடிவங்கள். அவற்றின் மொத்த அளவும் பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கிறது. சோதனைத் தட்டில் செல்களை அடக்கப் பயன்பட்டது பத்து முதல் நூறு மைக்ரோமோல், அதுவும் தூய வடிவத்தில். தட்டில் இருந்த செல்லும் நம் மூக்கில் இருக்கும் செல்லும் ஒரே பொருளைச் சந்திக்கவே இல்லை. குவெர்செடினோடு சர்க்கரைகளை நொதியால் பிணைத்து, எளிதில் கரையும்படி செய்த வடிவத்தை ஜப்பானில் தேவதாரு மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களிடம் சோதித்தார்கள். கண் அரிப்பும் நீர்வடிதலும் ஓரளவு குறைந்தன. அது நல்ல செய்திதான். வெங்காயச் சட்னிக்கு அந்தச் சான்றிதழைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

வழியை முழுவதும் நடந்தவரைப் பற்றி இப்போது சொல்கிறேன். எகிப்தில் அம்மி விஸ்நாகா என்றொரு செடி உண்டு, நம் கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம். சிறுநீர்க் கல் வலிக்கு அதன் விதையைக் காலங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். அதில் உள்ள கெல்லின் என்ற சேர்மம் தசையைத் தளர்த்தும். இளைப்புக்கும் உதவக்கூடும் என்று தோன்றியது. ஆனால் குமட்டல் வரும். 1950-களில் இங்கிலாந்தின் செஷயரில் ஒரு மருந்து ஆய்வுக்கூடம் கெல்லினை அடிப்படையாக வைத்துப் புதுப்புதுச் சேர்மங்களைச் செய்துவந்தது. அங்கே 1956-இல் சேர்ந்தவர் ராஜர் அல்டூன்யன். சிரியாவில் பிறந்தவர், அலெப்போவில் மருத்துவமனை நடத்திய ஆர்மீனியக் குடும்பம். இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கே இளைப்பு உண்டு.

விலங்குகளில் செய்யும் சோதனை மனித இளைப்புக்குப் பொருந்தாது என்பது அவருடைய உறுதியான கருத்து. ஆகவே தம்மையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். அவருக்கு கினிப் பன்றியின் முடி ஒத்துக்கொள்ளாது. அந்த முடியை ஊறவைத்து எடுத்த சாற்றை நுண்துளிகளாக உள்ளிழுத்துத் தமக்கு இளைப்பை வரவழைத்துக்கொள்வார். அதற்கு முன்னால் ஒரு புதுச் சேர்மத்தை உள்ளிழுத்திருப்பார். மூச்சுத்திறன் எவ்வளவு விழுகிறது என்று அளப்பார். சேர்மம் பயன்படாத நாளில் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பார். பிறகு அடுத்த சேர்மம். இப்படியே ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான சேர்மங்கள். 1965-இல் கிடைத்தது சோடியம் குரோமோகிளைகேட். அதை முன்கூட்டியே உள்ளிழுத்தால் கினிப் பன்றிச் சாறு அவருடைய மூச்சைப் பெரிதாக அசைக்கவில்லை. 1968-இல் அது மருந்தாக வெளிவந்தது. எனக்கு அல்டூன்யனிடம் உள்ள மரியாதையைச் சொல்ல வார்த்தை போதாது. இளைப்பு வரும்போது நெஞ்சில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர், அதைத் தாமே மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த வரலாற்றில் மாணவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கெல்லினின் நடுவில் உள்ள குரோமோன் வளையம், குரோமோகிளைகேட்டிலும் இருக்கிறது, நம் வெங்காயத்துக் குவெர்செடினின் உடலிலும் இருக்கிறது. மூன்றும் ஒரே எலும்புக்கூட்டின் உறவுகள். அடுத்தது, குரோமோகிளைகேட்டை விழுங்கினால் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் உடலில் சேரும். அல்டூன்யன் அதை உணர்ந்து, விமான உந்துவிசிறியின் நினைவில் ஒரு சிறு கருவியை வடிவமைத்தார். மூச்சை இழுத்தால் விசிறி சுழன்று பொடியை நேரே நுரையீரலுக்குள் தள்ளும். சுங்கச்சாவடியைத் தவிர்த்துவிட்டு வேறு சாலை போட்டார். விதையிலிருந்து மருந்துவரை வந்தபோது மூலக்கூறும் மாறியது, உடலுக்குள் போகும் பாதையும் மாறியது.

நம் ஆடாதோடையிலும் இப்படி நடந்திருக்கிறது. அதன் வாசிசின் என்ற ஆல்கலாய்டிலிருந்து பிறந்ததுதான் சளியை இளக்க இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் புரோம்ஹெக்சின்.

நடக்காமல் போனதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் ஷியூ-மின் லீ என்ற அறிவியலாளர், பழைய சீன மருந்தொன்றை அடிப்படையாக வைத்து ஒன்பது மூலிகைகள் சேர்ந்த ஒரு கலவையை உருவாக்கினார். வேர்க்கடலை கொடுத்தால் சுருண்டு விழும்படி ஒவ்வாமை ஏற்றப்பட்ட சுண்டெலிகள், அந்தக் கலவையைத் தின்ற பிறகு வேர்க்கடலை தின்று சாதாரணமாக ஓடின. மாதக்கணக்கில் அந்தப் பாதுகாப்பு நின்றது. உலகமே எதிர்பார்த்தது. மனிதர்களில் 68 பேரிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். வேளைக்குப் பத்தாக ஒரு நாளைக்கு முப்பது மாத்திரை. 2015-இல் முடிவு வெளியாயிற்று: மருந்து பாதுகாப்பானது, ஆனால் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மேலான பலன் இல்லை. ஏறக்குறைய பாதிப் பேர் மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கவில்லை என்பதும் தெரிந்தது. அந்தக் குழு இதை மறைக்காமல் வெளியிட்டதே பெரிய காரியம். "எலியில் நிரூபிக்கப்பட்டது" என்ற வாசகத்தோடு யாராவது உங்களிடம் டப்பா நீட்டினால் இந்த 68 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் மூன்று சதவீதம். நாலு பேர் வீட்டில் ஒரு நாள் சமையலுக்கு ஒரு தேக்கரண்டி, மூன்று கிராம் மஞ்சள் போட்டால், தலைக்கு இருபது மில்லிகிராம் சொச்சம் குர்குமின். 1998-இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் இரண்டு கிராம் குர்குமினை, அதாவது ஏறத்தாழ தொண்ணூறு நாள் பங்கை, ஒரே வேளையில் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் தென்பட்டது மிக மிகக் குறைவு. அதோடு மிளகிலிருந்து எடுத்த பைபரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்ததும் அந்த அளவு இருபது மடங்கு உயர்ந்தது. மஞ்சளும் மிளகும் போட்ட பாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு இதுதான். ஏறக்குறைய ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு இன்னும் சிறிய தொகைதான் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில், ஆண்டு முழுக்க மூக்கு ஒவ்வாமை உள்ள 241 பேருக்கு இரண்டு மாதம் குர்குமின் கொடுத்தபோது தும்மலும் மூக்கடைப்பும் குறைந்தன. நம்பிக்கை தரும் முடிவு. இன்னும் பல இடங்களில், பல கைகளில் அது திரும்ப வர வேண்டும்.

உறிஞ்சும் அளவைக் கூட்டுவதிலும் விலை உண்டு. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றிய அறிக்கை ஒன்று வந்தது. அதில் மூன்று பேர் மிளகுச் சத்தும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்கள், ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது, ஒருவர் இறந்துபோனார். ரசத்தில் போடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டியதே இல்லை. பல நூறு மில்லிகிராம் செறிவாக்கி மாத்திரையில் அடைத்தால் அது மருந்து. மருந்துக்கு உரிய எச்சரிக்கையோடுதான் அதைத் தொட வேண்டும்.

ஒருநாள் ஒரு தந்தை எட்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடந்து வர அவளால் முடியவில்லை. கழுத்துப் பள்ளம் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்வந்தது. நெபுலைசர் வைத்து, மூச்சு சீரான பிறகு அவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து மேசைமேல் அடுக்கினார்: கண்டங்கத்திரி லேகியம், தேனில் ஊறிய துளசி, 500 மில்லிகிராம் குவெர்செடின் என்று அச்சிட்ட டப்பா, முகப்பில் இலை படம் போட்ட இன்னொரு டப்பா. அடியில் நான் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு இன்ஹேலர். எண்ணிக்கைக் கட்டத்தில் பாதிக்கு மேல் மீதி. "இயற்கையா சரிபண்ணிடலாம்னு நெனச்சேன் சார். இன்ஹேலர் பழக்கமாயிடும்னாங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதம் அவர் செலவழித்த தொகை என் மருந்தைப்போல மூன்று மடங்கு. மகள்மேல் உள்ள பாசத்தைத்தான் அந்தப் பையில் சுமந்து வந்திருந்தார். லேகியத்தை அவள் தின்னட்டும், துளசியைத் தின்னட்டும், இன்ஹேலரை மட்டும் ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள் என்றேன். மூச்சுக்குழாயின் வீக்கத்தை அன்றன்றைக்கு அடக்கி வைத்திருப்பது அது. உள்ளிழுக்கும் மருந்து பழக்கமாகிவிடாது.

உணவிலுள்ள தாவரச் சேர்மம் ஒவ்வாமை நோயாளியைத் தெளிவாக, மறுக்க முடியாமல் பாதிப்பதை எங்கே பார்த்திருக்கிறோம் தெரியுமா? அவர் விழுங்கும் மாத்திரையில். கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்பவர் ஒரு ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார். மதுவின் சுவை தெரியாமல் இருக்க கிரேப் ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பாராதபடி ஏறியது. 1989-இல் வெளிவந்த அந்த ஆய்வில் மாட்டிக்கொண்டது மது அல்ல, பழச்சாறு. அதிலுள்ள ஃப்யூரனோகூமரின்கள் குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகின்றன. அந்த நாளில் ஒவ்வாமைக்கு உலகெங்கும் விற்ற டெர்ஃபெனடின் அதே நொதியால்தான் சிதைய வேண்டும். சிதையாமல் தேங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். 1990-களின் இறுதியில் அந்த மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்தது, அது உடலில் சிதையும்போது உண்டாகும் ஃபெக்சோஃபெனடின். இதயத்துக்குப் பாதுகாப்பானது, இன்று நம் ஊரிலும் ஏராளமாக எழுதப்படுகிறது.

அதையும் பழச்சாறு விடவில்லை, இந்த முறை எதிர்த் திசையில். ஃபெக்சோஃபெனடினைக் குடலிலிருந்து உள்ளே தூக்கிச் செல்லும் புரதத்தை கிரேப் ஃப்ரூட், ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் தடுக்கின்றன. 2002-இல் பெய்லியின் குழு, மாத்திரையோடும் அதைத் தொடர்ந்தும் நிறையச் சாறு குடிக்கவைத்து அளந்தபோது, தண்ணீரோடு விழுங்கினால் ரத்தத்தில் சேர்வதில் 30 முதல் 40 சதவீதம்தான் சேர்ந்தது. "அந்த மாத்திரை எனக்குக் கேட்கவே மாட்டேங்குது டாக்டர்" என்பவர்களிடம் எதோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆப்பிள் ஜூஸ் என்று பதில் வந்தால், தண்ணீருக்கு மாறச் சொல்லுங்கள். பழத்தைச் சில மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். நம் பம்பளிமாஸும் கிரேப் ஃப்ரூட்டின் பெற்றோரில் ஒன்று. ஃப்யூரனோகூமரின்கள் அதிலும் இருக்கின்றன. மருந்து பல எடுக்கும் முதியவர்கள் வீட்டு மரத்துப் பழமாக இருந்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சேர்மம் என்றால் புரதமும் சேர்மம்தான். தாவரம் தரும் ஒவ்வாமைகளில் கடுமையானது வேர்க்கடலைப் புரதத்தால் வருவது. அதே புரதத்தைக் கொண்டுதான் உணவு ஒவ்வாமைத் தடுப்பில் நான் பார்த்த மிகப்பெரிய வெற்றியும் வந்தது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளில் வேர்க்கடலை ஒவ்வாமை 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17 சதவீதம் என்று 2008-இல் கிடியன் லாக் குழு கண்டது. ஒரே வம்சாவளி. இஸ்ரேலில் பல் முளைக்கும் வயதிலேயே வேர்க்கடலை சேர்ந்த பஃப் தின்பண்டத்தைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் அப்போதைய மருத்துவ அறிவுரை தள்ளிப்போடு என்பது. பிறகு கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐந்து வயதுவரை வேர்க்கடலையைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவே இல்லை. 2015-இல் முடிவு. தொடக்கத் தோல் சோதனையில் எதிர்வினை இல்லாதிருந்த குழந்தைகளில், தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்துக்கு ஒவ்வாமை, தின்றவர்களில் 1.9 சதவீதத்துக்கு. ஒரு தலைமுறைக்கு நாங்கள் சொன்ன அறிவுரையைத் தலைகீழாக்கியது அந்த ஆய்வு. கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். யாருக்கானாலும் அரைத்துக் குழைத்துத்தான், முழுக் கடலை ஆகாது, தொண்டையில் அடைக்கும்.

அப்படியானால் காய்கறியும் பழமும் வீணா என்று கேட்கலாம். இல்லை. உலகளாவிய குழந்தை இளைப்பு ஆய்வில், 51 நாடுகளைச் சேர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் பதில்களை அலசி 2013-இல் வெளியிட்டார்கள். வாரம் மூன்று முறையோ அதற்கு மேலோ துரித உணவு தின்றவர்களிடம் கடுமையான இளைப்பு 39 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது; வாரம் மூன்று முறைக்குக் குறையாமல் பழம் தின்றவர்களிடம் 11 சதவீதம் குறைவு. கிரீட் தீவுக் கிராமப் பிள்ளைகள் 690 பேரிடமும் திராட்சை, ஆரஞ்சு, ஆப்பிள், தக்காளி நிறையத் தின்றவர்களுக்கு மூக்கு ஒவ்வாமையும் இளைப்பும் குறைவாக இருந்தன. இவை கூடவே காணப்படும் தொடர்புகள்; காரணம் என்று சாதிக்கப் போதாது. ஆனால் 2014-இல் லோசான் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு பாதையைக் காட்டினார்கள். நார்ச்சத்து நிறைந்த தீவனம் தின்ற சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிர்கள் அந்த நாரைச் செரித்துச் சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்கின. அவை ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைவரை போய் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் குணத்தை மாற்றின. தூசிப் பூச்சிக்கு எதிரான நுரையீரல் அழற்சி தணிந்தது. எலியில்தான் என்று நானே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் கீரை, காய், பயறு, பழம் என்று மொத்தமாகத் தின்பதன் பலன், ஒரு பெயருள்ள மூலக்கூறில் இல்லாமல் இந்த வழியாகத்தான் வரும் என்பது என் கணிப்பு.

இனி வேலியோரத்துக் கொடி. நஞ்சறுப்பான். எருக்கின் உறவு, மெல்லிய தண்டில் சுற்றிப் படரும், தடித்த இலை. வாந்தி வரவழைக்க, இபிகாகுவானாவுக்கு மாற்றாக ஐரோப்பிய மருத்துவர்கள் பயன்படுத்திய செடி. டைலோபோரின் என்ற அதன் ஆல்கலாய்டை 1935-இலேயே ரத்னகிரீஸ்வரன், வெங்கடாசலம் இருவரும் பிரித்தெடுத்தார்கள். 1960-களின் இறுதியில் டெல்லி படேல் மார்பு நோய் நிலையத்தில் சிவ்பூரி குழு, இளைப்பு உள்ள 110 பேரிடம் அதைச் சோதித்தது. விடியற்காலையில் ஓர் இலை. மென்று விழுங்க வேண்டும். ஆறே நாள். யாருக்கு மெய் இலை, யாருக்குப் போலி என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஒரு வாரம் முடிந்தபோது மெய் இலை தின்றவர்களில் 62 சதவீதத்துக்கு நல்ல நிவாரணம். போலி இலை தின்றவர்களில் 28 சதவீதத்துக்கு. பிறகு இலையின் சாராயச் சாற்றை வைத்துச் செய்த ஆய்வு 1972-இல் வந்தது. அதிலும் பலன் தெரிந்தது. பன்னிரண்டு வாரம் கழித்துக்கூடச் சிலருக்கு நின்றது.

நம் ஊரில், கே.வி.டி. என்று சென்னை மருத்துவ உலகம் போற்றிய பேராசிரியர் கே. வி. திருவேங்கடம் குழு 1978-இல் இதே இலையை, வழக்கமான இளைப்பு மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது. மூச்சுத்திறன் அளவுகள் உயர்ந்தன. ஆங்கில மருந்தின் அளவுக்கு இல்லை. மறு ஆண்டே குப்தா குழு 135 பேரிடம் செய்த இரட்டை மறைப்பு ஆய்வு வந்தது. வித்தியாசமே இல்லை என்றது. அதன்பின் இந்த இலையைப் பெரிய அளவில் எடுத்துச் செய்து முடித்துவைத்தவர் இல்லை.

ஏன் இந்த முரண்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இலை தின்றவர்களில் பலருக்கு வாய் புண்ணாயிற்று, குமட்டல் வந்தது, உப்பின் ருசி தெரியாமல் போயிற்று. காலைக் கஞ்சியில் உப்புக் கரிக்காத ஒருவர், தாம் தின்றது மெய் இலைதான் என்று ஊகித்துவிட மாட்டாரா? ஊகித்தபின் கண்மறைப்பு எங்கே? நிவாரணத்தில் ஒரு பங்கு அந்த நம்பிக்கையிலிருந்து வந்திருக்கலாம். இன்னொரு காரணம் இலையிலேயே இருக்கலாம்: ஒரு குழு பச்சை இலையை வாயில் மென்றது, இன்னொன்று உலர்த்திப் பொடித்தது. கோடையில் பறித்ததா, மழைக்குப் பின் பறித்ததா, ஆல்கலாய்டு எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் ஒரே அளவாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. டைலோபோரின் வகைச் சேர்மங்கள் உயிரணுப் பெருக்கத்தையே நிறுத்தக்கூடியவை. அதனால் யாரும் இதைக் கேட்டுவிட்டு வீட்டில் போய் இலையைப் பறித்து மென்றுவிடக் கூடாது. கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஆய்வாளர்கள் அஞ்சி ஒதுங்கக் கூடாது. இந்த மன்றத்தில் தாவரவியல் துறையும் மருந்தியல் துறையும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்திருக்கின்றன. செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. தாவரவியலார் அடையாளம் உறுதிசெய்த கொடி, ஒரே தோட்டத்தில் வளர்த்தது. ஒவ்வொரு பறிப்புக்கும் ஆல்கலாய்டு அளவு. நாக்கை அதேபோல் மரத்துப்போகச் செய்யும், ஆனால் இளைப்பைத் தொடாத ஒரு போலி மாத்திரை. இதைக் கண்டுபிடிப்பதே நல்லதொரு ஆராய்ச்சித் தலைப்பு. நோயாளிகள் தங்கள் இன்ஹேலரைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். இலை அதற்கு மேல் கூடுதலாக. காலையும் மாலையும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிக் குறித்த எண்கள், ஒரு வாரம் அல்ல, மூன்று மாதம். முன்னும் பின்னும் கல்லீரல், ரத்தப் பரிசோதனைகள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. முடிவு எதுவானாலும் வெளியீடு.

பெரும் பணம் தேவைப்படும் பகுதி நோயாளிகள் வரும்போதுதான் தொடங்குகிறது. இலையின் ஆல்கலாய்டு பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று அளப்பதற்கு ஒரு தோட்டப் பாத்தியும், இங்கே ஏற்கெனவே இருக்கும் நிறப்பிரிகைக் கருவியும், பொறுமையுள்ள ஒரு முதுகலை மாணவரும் போதும். அறக்கட்டளைக் குழுவினர் இசைந்தால், அந்த மாணவருக்கான உதவித்தொகையை இந்த ஆண்டு வட்டியிலிருந்தே ஒதுக்கலாம். எனக்கு இன்று அளிக்கும் மதிப்பூதியத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.